ஊசி கேட்டது, மழை கேட்கவில்லை

1. பதினேழு வயதில் வந்த காய்ச்சலில் இடது காது முழுவதும் போனது. வலது காதில் கொஞ்சம் மிஞ்சியது. காதுக் கருவியை மாட்டினால் சத்தம் வருவது தெரியும், சொல் தெரியாது.
2. டிப்ளமோ முடித்து, செம்பூரில் ரேடியோ செய்யும் கம்பெனியில் சோதனை மேசையில் சேர்ந்தேன்.
3. அறுவை செய்து காதுக்குள் பதிக்கும் புதுக் கருவி வந்திருப்பதாக மாட்டுங்கா டாக்டர் சொன்னார். அது எனக்குப் பொருந்துமா என்று பார்க்க ஒரு சோதனை வைத்தார்.
4. சோதனையில் நன்றாகக் கேட்டேன். பதிக்கும் கருவி தேவையில்லை என்றார்.
5. வாப்பா பட்டறை முழுவதற்கும் பிரியாணி வாங்கினார்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் சோதனைத் தாளை நிதானமாகப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு இருபது சொற்களைச் சொன்னாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஊசி, நூல், கத்திரி, பசை, டீ எல்லாம் சரி. மழை, கடல், மாம்பழம் தப்பு. சரியானவை பதின்மூன்று. பதின்மூன்றும் எங்கள் பட்டறையில் இருப்பவை.

தாராவியில் வாப்பாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. ஆறு மெஷின் ஓடும்போது யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால் எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். இரண்டு விரலால் வெட்டுவதுபோல் காட்டினால் கத்திரி, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. சோதனையன்று அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் அக்கா. லாத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏட்டி, நானா சொல்லிக்குடுத்தேன்? கை அதுபாட்டுக்கு ஆடிருக்கும்" என்றாள் லாத்தா. நானும் பொய் சொல்லவில்லை. அந்தக் கையைப் பார்ப்பதையே கேட்பது என்று நினைத்துப் பழகியிருந்தேன்.

சோதனைக்குத் திரும்பப் போக வேண்டும் என்று நான் சொன்னதும் வாப்பாவுக்குக் கோபம். "பாஸான புள்ள எதுக்குளா மறுபடியும் பரீட்சைக்குப் போவணும்?"

"இந்தப் பரீட்சைல ஃபெயிலானாத்தான் வாப்பா சீட்டு."

"இங்க ஒனக்கு என்ன கொறை? எல்லாரும் கையாலதான பேசுதோம்."

இங்கே ஒரு குறையும் இல்லை. செம்பூரில் யாரும் கையால் பேசுவதில்லை. சூப்பர்வைசர் பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அவர் சொன்னதில் பாதி போய்விடும். பஸ்ஸர் ஒலிக்கிறதா என்று சோதித்தால் மீட்டர் முள்ளைப் பார்த்துத்தான் பாஸ் போடுவேன். அதைச் சொன்னதும் வாப்பா தோலை மடித்துவைத்தார்.

இரண்டாம் சோதனைக்கு லாத்தாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இருபதில் இரண்டு வந்தது. வெளியே வந்து இரண்டு விரலைக் காட்டினேன். "கத்திரியா?" என்றாள். "மார்க்கு" என்றேன். பெஞ்சே ஆடும்படி சிரித்தாள்.

இப்போது கருவி பதிக்கலாம் என்ற டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பழைய மாதிரி கேட்காது, புதுவிதமான சத்தமாக இருக்கும். மாதக்கணக்கில் பழக வேண்டும். பழகினாலும் சொல் புரியும் என்று உறுதி இல்லை. பதிக்கும் காதில் மிச்சம் இருப்பதும் போகலாம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எதிரே என் பதில்களை எழுதினேன். கடைசி வரிக்குப் பதில் சுலபமாக வந்தது: இடது காதில் போவதற்கு ஒன்றுமில்லை.

இடது காதில் பதித்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வலது காதில் பழைய கருவி அப்படியே இருக்கும். லாத்தாவுக்குச் சம்மதம். வாப்பா இன்னும் சரி சொல்லவில்லை, ஆனால் எத்தனை நாள் லீவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அறுவைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.