சுடரில்லா நெருப்பைத் தேடித் தாராவிக்கு

'ஸ்மோல்டர்' என்னும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருட்டே சென்ற சனிக்கிழமை தாராவிக்குச் சென்றேன். பஞ்சுக் கழிவுக் கிடங்குகளில் திங்களன்று ஒட்டவேண்டிய தீ எச்சரிக்கையைத் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அகராதி வழியே ஆங்கிலம் கற்றவள் நான். 'சுடரின்றி உள்ளுக்குள் மெல்ல எரிதல்' என்று அகராதி பொருள் தந்தது. மூலத்தில் 'கனலும் மூட்டைகளைச் சோதிக்கவும்' என்றுதான் இருந்தது. தெளிவு கருதி, 'உடனே பிரித்துப் பார்க்கவும்' என்று நானே சேர்த்திருந்தேன்.

திலக் நகரில் காலை 9.40க்கு ரயில், குர்லாவில் மாறிச் சயானில் இறங்கலாம். கட்டணம் ஐந்து ரூபாய். அங்கிருந்து கிடங்குவரை ஒன்றேகால் கிலோமீட்டர், இருபது நிமிட நடை.

கிடங்கின் உரிமையாளர் காதர் பாய், மேலப்பாளையத்துக்காரர். மூட்டை அடுக்கும் செல்வி, ஒவ்வொரு மூட்டையிலும் நீண்ட இரும்புக் கம்பியைச் செருகிச் சற்றுப் பொறுத்து உருவி, புறங்கையால் தொட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"காச்சல் பாக்கேன்க்கா."

என் எச்சரிக்கையை உரக்கப் படித்தேன். காதர் பாய் சிரித்துவிட்டார்.

"நல்லா எழுதியிருக்கிய. எல்லாருக்கும் சங்குதான். பிரிச்சா உள்ள காத்து போவும்லா? குப்புனு புடிச்சிரும்."

அடக்கிய சினத்திற்கும் அகராதி இதே சொல்லைச் சொல்கிறது. அந்தப் பொருளும் அப்போது எனக்கு விளங்கியது.

மூன்றாம் வரிசையில் செல்வி சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "பாய், இது சுடுது."

புகையில்லை, நாற்றமுமில்லை. நான் தொட்டிருந்தால் வெறும் மூட்டை என்றே சொல்லியிருப்பேன். கொக்கி மாட்டி, பிரிக்காமலே சந்துக்கு இழுத்தார்கள். வாளிகளில் தண்ணீர் நிறைத்த பிறகே செல்வி கத்தியை வைத்தார். உள்ளே உள்ளங்கையளவு சிவப்பு. காற்றுப் பட்டதும் முழங்கால் உயரத்திற்குச் சுடர் எழுந்தது, தண்ணீரில் அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். கூரைவரை பஞ்சு.

அங்கேயே என் வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'சூடான மூட்டையை உள்ளே பிரிக்காதீர்கள். பிரிக்காமல் வெளியே இழுங்கள்.'

"எனக்கு எழுத்து வராதுக்கா. கம்பியயும் வரைஞ்சிருங்க," என்றார் செல்வி.

இக்கிடங்குகளைக் காண விரும்புவோர் முன்னரே அனுமதி பெற்று, பதினொரு மணிக்குள், மூடிய காலணியோடு செல்க. மூட்டைகளை இழுத்துச் செல்லும் வழியில் நிற்காதீர்கள்.

திங்களன்று ஒட்டிய தாளில் நான் வரைந்த கம்பி கோணலாகத்தான் இருக்கிறது. செல்விக்குப் படித்துக் காட்டத் தேவையிருக்கவில்லை.