கரைக்கு வந்த புள்ளி

மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கத் தெரியாமல், கடலில் மிதவை பழுதுபார்க்கப் போன ஒரே ஆள் சென்றாயன். நீச்சல்கூட உருப்படியாகத் தெரியாது. ஒப்பந்த வேலை. சென்னையில் கப்பலேறி, நடுக்கடலில் சங்கிலி போட்டு நிற்கும் மஞ்சள் மிதவைகளில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பேட்டரி மாற்றி, காற்றளக்கும் கருவியைச் சரிபார்த்து வருவார்.

மிதவையின் நிழலில் மீன் கூடும். அதனால் மீனவர்கள் படகை அதிலேயே கட்டிப்போடுவார்கள். கருவி உடையும். காசிமேட்டு யுவராஜ் இதில் பெரிய கில்லாடி. திட்டித் திட்டியே இருவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள்.

"காத்து ஏறுச்சுன்னா மொதல்ல கயித்த அறுத்துப்போட்டு ஓடிரு. என்ற மிதவையையும் இழுத்துக்கிட்டுப் போயிராத" என்பார் சென்றாயன்.

"சரிண்ணா, உனக்கு உன் மிதவைதான் பெருசு" என்று சிரிப்பான் அவன்.

போன ஐப்பசியில் வீட்டுக்கு ஓடு மாற்ற மலைக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் புயல் பிடித்துக்கொண்டது. காற்று ஏறுவதை முதலில் சொன்னது அவருடைய மிதவைதான். கரையெல்லாம் எச்சரிக்கை போனது. ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த யுவராஜின் படகுக்கு எட்டவில்லை.

சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறியதும் யுவராஜின் மனைவி கவிதாவின் போன் வந்தது. "உங்க மிதவைக்குத்தான் போறேன்னு சொல்லிட்டுப் போனாருண்ணா."

செல்போனில், மிதவை இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. சங்கிலி அறுந்துவிட்டது. படகும் கூடவே போகிறது என்று நினைத்தார். வேறு எதையும் நினைக்க மனசு ஒப்பவில்லை.

"பயப்படாத கண்ணு. மிதவை முழுகாது. அதுலதான் கட்டியிருப்பான்."

அலுவலகத்தில் கேட்டால், கடல் அடங்காமல் கப்பல் போகாது என்றார்கள். கீழே இறங்கலாமென்றால் மண் சரிந்து மலை ரோடே அடைபட்டுக் கிடந்தது.

"நீங்க மழையில நின்னு பாத்தா அந்தப் புள்ளி நின்னுருமாங்க?" என்று குடை பிடித்தாள் அவர் மனைவி ருக்குமணி. நிற்காதுதான். இருந்தாலும் கவிதா தினமும் கேட்டாள், அவரும் தினமும் புள்ளி இருக்கும் இடத்தைச் சொன்னார். கொடுக்க அவரிடம் அது ஒன்றுதான் இருந்தது.

ரோடு திறந்ததும் ஓடினார். கப்பலும் கிளம்பியது. மிதவை கிடைத்தது. படகு இல்லை. வளையத்தில் ஒரு முழம் நைலான் கயிறு தொங்கியது. நுனி பிய்ந்திருக்கவில்லை. கத்தியால் ஒரே வெட்டாக அறுத்திருந்தது. சொன்ன பேச்சை அந்த ஒரு தடவை கேட்டிருக்கிறான். இத்தனை நாளும் தனியாக அலைந்தது வெறும் மிதவை. சென்றாயன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

மிதவையைத் துறைமுகத்தில் இறக்கினார்கள். புள்ளியை அனுப்பும் கருவியை அணைக்க அவருக்குக் கை வரவில்லை. போன் அடித்தது.

"அண்ணா, இன்னைக்குப் புள்ளி எங்க நிக்குது?" என்றாள் கவிதா.

புள்ளி கரைக்கு வந்திருந்தது.