அழிக்கச் சொன்ன மூன்றெழுத்து

கணினிக்காரிக்கு நான் நாற்பதாயிரம் பாக்கி வைத்திருந்தேன். சீட்டு, கையெழுத்து ஏதும் கிடையாது. ஆனாலும் பாக்கி பாக்கிதான்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஓடுகிற பம்பின் மேல் கை வைத்தால் எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஒற்றை அலமாரியில் உதிரிப்பாகம் விற்கத் தொடங்கி, மூன்று மாடிக் கிடங்கு கட்டியவன். கட்டியவனுக்கு எல்லா வேலையும் தெரியும் என்பது என் நினைப்பு.

அவள் ஒரு மருத்துவமனையில் சீட்டு எழுதுபவள். படுக்கையோடு கிடக்கும் அப்பா, தவணையில் வாங்கிய ஒரு கணினி, அவ்வளவுதான் அவள் குடும்பம். சாப்பாட்டு இடைவேளையில் பஸ் பிடித்து வந்து, எங்கள் பில்லுக்கும் சரக்குக் கணக்குக்கும் புரோகிராம் எழுதினாள். திரையில் கட்டம் போடவும் பொத்தான் வைக்கவும் யாரோ எழுதி வைத்த தொகுப்பு ஒன்று இருக்கிறதாம், லைப்ரரி என்றாள். அதன் மேல்தான் எங்கள் வேலைகளைக் கட்டினாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் என் கடையின் மூன்றெழுத்து.

எனக்குச் சந்தேகம் தட்டியது. "வரிக்கு வரி கடைப் பேரைப் போட்டு நீட்டுறியா, காசு கூடக் கேக்க? வீட்டுக்குள்ள இருக்கிற பொண்டாட்டியை எவனாவது கதவு நம்பர் சொல்லிக் கூப்பிடுவானா?"

"அந்த லைப்ரரி நம்ம வீடு இல்ல, முதலாளி. நாம அதுல குடியிருக்கோம். நாளைக்கு அவங்களும் அதே பேர்ல ஒண்ணு வச்சா ரெண்டும் மோதிக்கும்."

"வைக்கும்போது பாத்துக்கலாம். அழிச்சாத்தான் மிச்சப் பணம்."

அழித்தாள். வருஷக் கணக்கு முடியட்டும் என்று நான் அப்போதும் பணம் தரவில்லை.

நான்கு மாதத்தில் கடைக்குப் புதுக் கணினிகள் வாங்கிப் போட்டேன்; அவற்றோடு லைப்ரரியின் புதுப் பதிப்பும் வந்தது. மறுநாள் திரை, பேரிங் பன்னிரண்டு என்றது. அலமாரியில் முப்பத்தொன்பது இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஒன்பது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் ஆறு. சரக்கை வெளியே கடத்தத்தான் கணக்கில் முன்கூட்டியே கழிக்கிறாரோ என்று, இருபது வருஷம் கூட இருந்த கிடங்குக்காரரின் பையை நானே அவிழ்த்துப் பார்த்தேன். டிபன் டப்பாவும் மூக்குக்கண்ணாடியும்தான் இருந்தன.

அவள் வந்தாள், பார்த்தாள், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பில் முடிந்ததும் சரக்கைக் கழிக்கிற வேலைக்கு அவள் வைத்த பெயர் 'அப்டேட்'. புதுப் பதிப்பில் திரையைத் திரும்ப வரைகிற வேலைக்கு அவர்களும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். திரை வரைய லைப்ரரி அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் எங்களுடையது முந்திக்கொண்டு ஓடி, கடைசிப் பில்லில் விற்ற மூன்றை மறுபடி மறுபடி கழித்தது.

பழைய பதிப்புக்கே போய்விடலாமே என்றேன். நான் வாங்கிப் போட்ட புதுக் கணினிகள் அதை ஏற்காதாம். அவர்கள் பெயரை மாற்றச் சொல் என்றேன். உலகமே அதை வைத்துப் பிழைக்கிறது, நமக்காக மாற்றுவார்களா என்றாள். எத்தனையோ கம்பெனிக்காரர்களை மேசையைத் தட்டி வழிக்குக் கொண்டுவந்தவன் நான். இதில் தட்டுவதற்கு மேசையே இல்லை.

மூன்றெழுத்தைத் திரும்பச் சேர்ப்பதுதான் வழி. முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள். அவை வருகிற இடமெல்லாம் மாற்ற வேண்டும். வீட்டில் வைத்து முடித்துக் கொண்டுவா என்றேன்.

"எதை வச்சு முடிக்க? தவணைக்காரங்க போன மாசமே கணினியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

கடைக் கணினி ஒன்றின் முன்னால் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டு நாள், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, என் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றினாள். கடை கார்பன் தாளில் பில் எழுதியது. பில் போடுகிற திரையை யாரும் தொடாதபடி கிடங்குக்காரர் தன் துண்டால் மூடிவைத்தார். என்னோடு அவர் பேசவில்லை. நான் அங்கும் இங்கும் நடந்தேன், வேறென்ன செய்ய?

பதின்மூன்றாம் நாள் துண்டை எடுத்தோம். அலமாரியில் முப்பத்தொன்று, திரையிலும் முப்பத்தொன்று. பத்துத் தடவை மூடித் திறந்தோம், அசையவில்லை.

பணக்கட்டை எடுத்து நீட்டினேன். தவணைக்காரர்கள் ஏலம் விட்டுவிட்ட அவள் கணினி திரும்பாது என்பது இருவருக்கும் தெரியும். அவள் வாங்கவில்லை.

"எண்ணிக் குடுங்க, முதலாளி. பாக்கப் பாக்கக் குறையுற கடை இது."

கிடங்குக்காரர் அன்றைக்குத்தான் சிரித்தார். நான் ஆயிரம் ஆயிரமாக, வாய்விட்டு எண்ணி, நாற்பது தாளையும் அவள் விரித்த உள்ளங்கையில் வைத்தேன்.