மீட்டிங் ரூமில் தெரியாத தூசி

பெங்களூர் பீன்யாவில் இரும்பு வார்ப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. வார்ப்பில் ஒட்டியிருக்கும் மணல், தேய்க்கும்போது மாவாகப் பறக்கும். மாதாமாதம் அந்த ஷெட்டின் காற்றில் எவ்வளவு தூசி என்று அளப்பார்கள். அந்த அளவுகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றி, வரைபடமாக்கி, கூட்டத்தில் காட்டுவது என் பொறுப்பு. மேனேஜர் எண்களைப் படிக்கமாட்டார். படமாக இருந்தால் பார்ப்பார்.

ஷெட்டில் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். கேன்டீனில் சாப்பிடும்போதெல்லாம் இருமுவார்.

"இன்னாண்ணா, இன்னும் போகலியா?"

"சளிம்மா. மழை விட்டா போயிடும்."

மழை எப்போதோ விட்டிருந்தது. என் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். கல்தூசி நுரையீரலில் படிந்து, மர்பி டவுன் வீட்டில் வருடக்கணக்கில் இருமிச் செத்தார். சளி இருமல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை.

அந்த மாதம் புதுவகை வரைபடம் ஒன்றைப் போட்டேன். ஒவ்வொரு மிஷினிலும் தூசி எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை ஏறுகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். அண்ணாவின் மிஷின் அனுமதித்த வரம்புக்கு மேலே நின்றது. என் லேப்டாப்பில் அவ்வளவு தெளிவாக இருந்தது.

மீட்டிங் ரூம் கணினியில் இருந்தது பழைய வெர்ஷன். படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. இந்த வெர்ஷனில் இதைக் காட்ட முடியாது என்று அதற்குள் பொடி எழுத்தில் ஒரு வரி.

"என்னம்மா இது, காலியா இருக்கு?" என்றார் மேனேஜர்.

"என் லேப்டாப்ல காட்டட்டுமா சார்?"

"டைம் இல்லம்மா. முந்தே ஹோகோணா." கன்னடத்தில் அடுத்த விஷயத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். போகிற போக்கில் சேவ் பட்டனையும் அழுத்தினார். பழைய வெர்ஷனில் சேவ் ஆனதால், அதன்பின் அந்த ஃபைலை என் லேப்டாப்பில் திறந்தாலும் வரைபடம் உயிரில்லாமல் கிடந்தது. மறுநாள் புதிதாகப் போட்டு அவர் அறைக்கு எடுத்துப் போனேன். அடுத்த கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்குப் பழையபடி கம்பங்களாகவே வரைந்து, வரம்பைச் சிவப்புக் கோடாக இழுத்தேன். கோட்டுக்கென்று படத்தின் வலப்பக்கம் தனி அளவுகோல் கொடுத்திருந்தேன். அதற்குள் மீட்டிங் ரூம் கணினியில் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அது அந்த அளவுகோலைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டது. சிவப்புக் கோடு உச்சியில் போய் நின்றது. கம்பங்கள் எல்லாம் அதற்குக் கீழே.

"லிமிட்டுக்குள்ளதானே இருக்கு. சென்னாகிதே, நல்லா இருக்கு," என்றார் மேனேஜர்.

எழுந்து நின்றேன். "இல்ல சார். கோடு தப்பான இடத்துல இருக்கு. ரெண்டு மிஷின் தாண்டியிருக்கு."

"நீங்க போட்ட படத்தை நீங்களே தப்புங்கிறீங்களே மேடம்," என்றார் உற்பத்திப் பிரிவு அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள்.

நடந்ததைக் கேன்டீனில் அண்ணாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ படம் தெரியாத மாசத்துல தூசியும் இல்லையாம்மா?"

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஸ்டோர், கேட், அக்கவுன்ட்ஸ் என்று கணினி இருந்த இடமெல்லாம் போய்த் திறந்து பார்த்தேன். ஓரிடத்தில் நிறம் மாறியது, இன்னோரிடத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கெடுகிறதையெல்லாம் படத்திலிருந்து நீக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் வெறும் கம்பங்களும், அதே அளவுகோலில் ஒரு கோடும் மிஞ்சின. பார்க்க அழகாக இல்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிந்தது.

இந்த முறை கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. மேனேஜர் அறைக்குப் போய், அவருடைய கணினியிலேயே திறந்து வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த மிஷின்ல யாரு?"

சொன்னேன். "அந்த இருமுறவரா?" என்று போனை எடுத்தார். அன்றே தூசி உறிஞ்சும் குழாய்களைக் கழற்றினார்கள். உள்ளே மணல் இறுகி அடைத்துக் கிடந்தது. ஷெட்டில் இருந்த எல்லாரையும் எக்ஸ்ரேக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அண்ணாவுக்கு இரண்டு நுரையீரலிலும் திட்டுத்திட்டாக இருந்தது. இனி தூசிப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

ஒரு மத்தியானம் அங்கே போய்ப் பார்த்தேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அப்பா செத்த கதையை எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

"உங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம்மா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகாதுண்ணா," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார்.