பதினான்கு வகைக் கோளாறுகள்

தேனியில் திராட்சை வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. சுற்றுப்பக்கத்து ஊர்களில் எங்களுக்கு ஆறு கொள்முதல் நிலையங்கள். எங்கே பிரிண்டர் நின்றாலும், நெட் போனாலும் என் செல்போன்தான் அடிக்கும். அதனால் புகார்களைப் பதிய ஓர் இணையப் பக்கம் செய்தேன். பாஸ்வேர்டு, பதினான்கு வகைக் கோளாறுகளின் பட்டியல், அவசரத்தின் அளவு, விவரம். எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், வந்தவற்றில் பெரும்பாலானவை ‘இதர’ என்ற வகையில் கிடந்தன. சுருளிப்பட்டி நிலையத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. அழைப்புகள் மட்டும் குறையவில்லை. அங்கே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டும் பெண்ணுக்குப் புரியவில்லை போலும், சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு காலையில் பஸ் ஏறினேன்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் பழச்சாற்றின் பிசுபிசுப்பு. பத்து மணி வாக்கில் ஸ்டிக்கர் மிஷின் நின்றது. வெளியே கேரளா லாரி காத்திருந்தது.

“நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கிட்டு பதிவு பண்ணுங்கக்கா,” என்றேன்.

கையைச் சட்டையில் துடைத்துவிட்டு போனை எடுத்தார். பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பானது. மூன்றாவது முறை பக்கம் திறந்தது. பட்டியலில் நின்றுவிட்டார்.

“இதுல எது சார்?”

“மிஷின் கோளாறா, சாப்ட்வேர் கோளாறா, நெட்வொர்க்கான்னு பாத்துப் போடணும்.”

“எதுல கோளாறுன்னு தெரிஞ்சா நானே சரி பண்ணிர மாட்டேனா? எனக்குத் தெரிஞ்சது ஸ்டிக்கர் வரல. லாரிக்காரவுக நிக்கிறாக.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் மிஷினைத் திறந்தேன். வயரா, புரோகிராமா என்று எனக்கே உடனே தெரியவில்லை. கால் மணி நேரம் தடவிப் பார்த்த பிறகுதான் வயர் என்று தெரிந்தது. பட்டியல் போட்டவன் நான்.

சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து, அவர் எதற்கெல்லாம் போனைத் தொடுகிறார் என்று குறித்துக்கொண்டேன். அந்த வாரமே பாஸ்வேர்டையும் பட்டியலையும் எடுத்துவிட்டேன். ‘எந்த வேலை நிற்கிறது?’ என்று ஒரே கேள்வி. எடை, ஸ்டிக்கர், பில் என்று மூன்று பெரிய பொத்தான்கள். எழுத வேண்டாம், பேசி அனுப்பலாம்.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. “வகை இல்லாம ரிப்போர்ட் எப்படி எடுக்கிறது?”

“சரி பண்ணின பெறகு வகையை நானே போட்டுக்கிறேன் சார்.”

அரை மனதாகத் தலையசைத்தார்.

சுருளிப்பட்டியிலிருந்து முதல் பதிவு நாலைந்து நாளில் வந்தது. லாரிச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்: “எடை மிஷின் ஒரே நம்பர்லயே நிக்குது சார்.” கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து அழைப்பும் வந்தது.

“அதான் பதிஞ்சுட்டீங்களே, பெறகெதுக்குக் கூப்பிடுறீங்க?”

“பதிஞ்சேன். நீங்க பாத்தீகளா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள், நான் பதிவைத் திறந்ததும் அவர் போனில் ‘பார்த்துவிட்டோம்’ என்று வரும்படி செய்தேன். அதற்குப் பிறகுதான் அழைப்புகள் குறைந்தன.