ஜெயா பார்த்த மூன்றாம் மாடி அறை

பூம்புகார் கரையில் மீன் ஏலம் எடுத்து ஊர் ஊராகப் போய் விற்கிற ஜெயாவுக்கு, மகள் சுவேதாவின் விடுதி அறையைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் அந்தக் கல்லூரியின் பெண்கள் விடுதியில், கேட்டை ஒட்டிய பெஞ்சைத் தாண்டி வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. மூன்று வருடமாக ஜெயா நெத்திலிக் கருவாட்டுத் தொக்கோடு வந்து, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். வீடியோ காலில் மகளின் முகத்துக்குப் பின்னால் கொஞ்சம் பச்சைச் சுவர் தெரியும். "போனை அப்படியே திருப்புடி, பாப்போம்" என்பாள். "ரூம்மேட் தூங்குறாம்மா" என்று பதில் வரும். வாடிக்கைக்காரர்கள் விசாரித்தால் மட்டும் பீரோ, மேஜை, காற்றோட்டம் என்று விடாமல் அளப்பாள். "நீ போய்ப் பாத்தியா?" என்று யாராவது கேட்டுவிட்டால் மீனை வேகமாக அரியத் தொடங்கிவிடுவாள்.

படிப்பு முடிந்து அறையைக் காலி செய்கிற நாளில் மட்டும் அம்மாக்கள் மேலே போகலாம் என்று சுவேதா சொன்னதிலிருந்து ஜெயாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கணவர் உத்திராபதியும் கரையில்தான் இருந்தார். மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியை இரவல் வாங்கி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். வாடை முழுதாகப் போகவில்லை. ஜெயா கல்யாணத்துக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

"மூட்டை தூக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

"ரூம் பாக்கப் போறேன். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

விடுதி வாசலில் ஒரே கூட்டம். ஸ்கூட்டர்களும் கார்களும் கட்டித் தழுவி அழுகிற பெண்களுமாக இருந்த நெரிசலில் சுவேதா கையை ஆட்டினாள். அவள் காலடியில் மெத்தை, வாளி, புத்தக மூட்டை எல்லாம் கட்டித் தயாராக இருந்தன.

"எல்லாத்தையும் பிள்ளைங்க சேந்து எறக்கிட்டோம்மா. மூணு மாடி ஏறினா உனக்கு முட்டி வலிக்குமில்ல? பூட்டி, சாவியக்கூடக் குடுத்தாச்சு."

பிள்ளை கரிசனத்தில் செய்த காரியம், திட்டவும் முடியாது. ஜெயா வாளியை எடுத்து வண்டிக்குள் போட்டாள். அது போய் விழுந்த சத்தத்தில் பக்கத்துக் காரிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வாளிதானே."

அப்போது கையில் சாவிக்கொத்தோடு வார்டன் ரோஸ்லின் அந்தப் பக்கம் வந்தார். காலையிலிருந்து கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "சுவேதாவோட அம்மாவா? ரூம் காலியாம்மா?"

"நெறைஞ்சிருக்குங்க" என்றாள் ஜெயா.

யோசித்துச் சொன்னதல்ல. கூடையில் கடைசி மீனும் விற்றுப்போனால் அதைக் காலி என்று அவள் வாயால் சொன்னதே இல்லை. நாளைக்கும் மீன் வர வேண்டாமா? நிறைந்திருக்கிறது என்பதுதான் பழக்கம்.

வார்டனுக்கு அது எங்கே தெரியும்? "இன்னும் நெறைஞ்சிருக்கா? அப்ப வண்டில ஏத்துறது என்ன? மதியம் பெயின்ட் அடிக்க ஆள் வருது. ஓடுங்க, ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க!" கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி ஜெயாவின் கையில் திணித்தார்.

சுவேதா வாயைத் திறந்தாள். ஜெயா அவள் கையைக் கிள்ளினாள்.

"அம்மா, மேல ஒண்ணுமே இல்லம்மா."

"நீ வாயை மூடிக்கிட்டு வழியக் காட்டு."

இரண்டாம் மாடியில் முட்டி முணுமுணுத்தது. ஜெயா அதைச் சட்டை செய்யவில்லை. பூட்டைத் திறந்தாள். இரண்டு இரும்புக் கட்டில்கள், சுவரில் சிமென்ட் அலமாரி, அந்தப் பச்சைச் சுவர்.

"இவ்ளோதானா!"

"இவ்ளோதாம்மா."

"எதுடி உன் கட்டில்? இதா? தலை எந்தப் பக்கம் வைப்ப? ஃபேன் சுத்துமா?" ஜெயாவே சுவிட்சைத் தட்டினாள். வெறும் கட்டிலில் ஏறி நீட்டிப் படுத்தாள். எழுந்தாள். அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "இங்கதான் எக்ஸாமுக்குப் படிப்பேன், இங்கதான் உன் தொக்கை ஒளிச்சு வைப்பேன், இல்லாட்டி இவளுங்க ஒரே நாள்ல வழிச்சிருவாளுங்க" என்று சுவேதாவும் உற்சாகமாகச் சுற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஜெயா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடற்கரையில் கூப்பிடுகிற குரலில் கத்தினாள். "என்னாங்க! இந்தா, மேல பாருங்க!"

கீழே உத்திராபதி நிமிர்ந்து பார்த்தார். "எப்புடி இருக்கு ரூமு?"

"நம்ம ஐஸ் பொட்டியவிடக் கொஞ்சம் பெருசு!"

"அதான் புள்ள மூணு வருசமாக் கெட்டுப்போவாம இருந்திருக்கு!"

வராந்தாவில் நின்ற பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். "அப்பா!" என்று சுவேதா முகத்தை மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வார்டன் மூச்சிரைக்க ஏறி வந்தார். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா. நெறைஞ்சிருக்குன்னீங்க?"

"கூடையக் காலின்னு சொல்லிப் பழக்கமில்ல மேடம். அதே வாயில வந்துருச்சு." ஜெயா மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். "வந்ததும் வந்துட்டேன். ரெண்டு நிமிசம் இருந்துட்டுப் போறேனே."

ரோஸ்லின் அவளையும் புடவையையும் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சரி, மெஸ்ஸையும் ஒரு நடை பாத்துட்டுப் போயிருங்க."

"எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டபோது ஜெயா படியில் பாதி இறங்கியிருந்தாள்.