வலப்பக்கச் சக்கரம்

என் தங்கை விஜயாவின் மணிக்கட்டை உடைத்தவன் நான். நான்கு ஆண்டுகளாக அந்தப் பழியைச் சுமப்பவர் அவள் கணவர் தனபால்.

உங்களிடம் சொல்கிறேன்... அவர்களிடம் சொல்லத் துணிவில்லாததால்.

காஞ்சிபுரத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் நோட்டுப் புத்தகங்களையும் தெரியும். மழை பெய்த நாள், தேர் நிலைக்கு வந்த நேரம், எந்த வீட்டில் என்றைக்குத் தறி பூட்டினார்கள் என்பதுவரை தேதி போட்டு எழுதிவைப்பேன். யாருக்காவது சந்தேகம் வந்தால், "அவரு நோட்ல பாருப்பா" என்பார்கள். அந்தப் பெருமை எனக்கு எவ்வளவு இனித்தது!

என்னிடம் ஐம்பது வயதைத் தாண்டிய கார் ஒன்று உண்டு. வைகாசியில் ஒரு திங்கட்கிழமை அதன் முன்சக்கரங்களுக்குப் புது பிரேக் ஷூ மாட்டினேன். டிரம் என்கிற இரும்புக் கிண்ணத்துக்குள் இரண்டு பிறைகள்போல எதிரெதிராக நிற்பவை அவை. பிரேக்கை மிதித்தால் விரிந்து டிரம்மைக் கவ்வும். ஒன்றின் மேல் ஒட்டிய லைனிங் என்கிற உராய்வுப் பட்டை குட்டை, மற்றதன் லைனிங் நீளம். என் வண்டியில் குட்டையானது முன்புறம் இருக்க வேண்டும்; மாறினால் பிடி தளரும்.

இடச்சக்கரத்தை முதலில் கழற்றினேன். பழையவை இருந்தபடியே படம் வரைந்து, "என் இடக்கைப் பக்கம் குட்டை, வலக்கைப் பக்கம் நீளம்" என்று அடியில் எழுதினேன். பிறகு காரைச் சுற்றி வந்து, வலச்சக்கரத்தின் முன் உட்கார்ந்து, அதே படத்தைப் பார்த்து அப்படியே மாட்டினேன்.

அந்தப் பக்கம் உட்கார்ந்தால் வண்டியின் முன்புறம் என் வலக்கைப் பக்கம் அல்லவா வரும்? ஏன் எனக்கு உறைக்கவில்லை? கண்ணெதிரே வண்டி நின்றது. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

தனபால் இருபது வருடம் லாரியும் வேனும் ஓட்டியவர். அன்று கேட்டார்.

"மச்சான், இன்னொரு வாட்டி கழட்டிப் பாத்துடலாமா?"

"எல்லாம் எழுதி வெச்சிக்கினுதான் மாட்டினேன், மாப்ளே."

"நோட்டு சொல்லிடுச்சா? அப்ப சாமி சொன்ன மாதிரி!" என்று சிரித்தார்.

வியாழக்கிழமை தனபாலும் விஜயாவும் அந்தக் காரில் மாகறலுக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள். வழியில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. தனபால் ஓங்கி மிதித்தார். இடச்சக்கரம் கவ்வியது, வலச்சக்கரம் அரைகுறையாகப் பிடித்தது. வண்டி இடப்புறம் இழுத்துக்கொண்டு போய் மதகுச் சுவரில் மோதியது. முன்சீட்டில் இருந்த விஜயா கையை ஊன்றினாள்...

காரை இழுத்து வந்து என் வீட்டில் விட்டார்கள். அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மாலையில் நான் வலச்சக்கரத்தின் டிரம்மைத் திறந்தேன். பார்த்ததும் புரிந்தது. நீளமானது முன்புறம் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஷூக்களை இடம் மாற்றி, சரியாக மாட்டி மூடினேன்!

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தார். "பிரேக்கு பக்காவா இருக்குது சார். அவசரத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சிருப்பாரு."

நான் மறுக்கவில்லை. நோட்டில் எழுதினேன்: "வெள்ளி. பிரேக் சோதிக்கப்பட்டது. குறை இல்லை." ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

விஜயாவின் மணிக்கட்டு கோணலாகக் கூடியது. இப்போது அவளால் தறியில் நாடாவை வீசி நெய்ய முடிவதில்லை. "பிரேக்கு எதுன்னு தெரியாத மனுசனுக்கு இருவது வருசமா லைசென்ஸு!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். தனபாலோ வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டு, ஒரு கடையில் சேலை மடிக்கிறார்.

போன ஞாயிறு என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், அன்னிக்கு நோட்ல இன்னா எழுதிக்கீறீங்க? கொஞ்சம் படிங்க. பிரேக்கைத்தான் மிதிச்சேன்னு என் காலு இன்னும் சொல்லுது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். படித்தேன்... "குறை இல்லை."

தனபால் குனிந்து தம் வலக்காலைப் பார்த்தார்.

"அப்ப இத்தினி நாளா இதுதான் பொய் சொல்லிக்கினு இருக்குது."

அவர் போனபின் வழக்கம்போல எழுதினேன்: "ஞாயிறு. தனபால் வந்தார். காபி குடித்துவிட்டுப் போனார்."